பகலெல்லாம் தூக்கம் தள்ளுகிறது, ஒற்றைத் தலைவலிதான் காரணமா?

கேள்வி சுருக்கமாக இது. சில வருடங்களாக ஒற்றைத் தலைவலி, மாதத்தில் ஐந்தாறு முறை வருகிறது. இரவு ஏழு மணி நேரம் படுக்கையில் இருந்தும் பகலில் கண் சொக்குகிறது. தூக்கம் சரியில்லாததால் தலைவலியா, தலைவலியால் தூக்கம் கெடுகிறதா? மதியம் கொஞ்சம் தூங்கினால் நல்லதா? தூக்க மாத்திரை போட்டால் இரண்டும் தீருமா?

முதல் கேள்விக்கு எல்லாரும் சொல்லும் பதில் "இரண்டும்தான்" என்பது. தப்பில்லை. நார்வேயில் ஒரு மாவட்டத்து மக்களை 11 ஆண்டு இடைவெளியில் இருமுறை விசாரித்தார்கள். முதல்முறை தூக்கமின்மை இருந்தவர்களுக்குப் பின்னாளில் தலைவலி வரும் வாய்ப்பு கூடியிருந்தது. முதலில் தலைவலி இருந்தவர்களுக்குத் தூக்கமின்மை வரும் வாய்ப்பும் கூடியிருந்தது. சரி, இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. ஒற்றைத் தலைவலிக்காரர்களின் பகல் தூக்கத்துக்கு நாலைந்து தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்கு ஆகாது. உங்களுடையது எது என்பதை நேரத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். தலைவலிக்கு முன்பு சொக்குகிறதா, பின்பா, அல்லது தலைவலியே இல்லாத நாட்களிலுமா?

முன்பு என்றால் அந்தத் தூக்கம் பெரும்பாலும் தலைவலியின் காரணம் அல்ல, தலைவலியின் முதல் பகுதி. ஒற்றைத் தலைவலி என்பது வலி தொடங்கும் நேரத்தில் தொடங்குவதில்லை. அதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு இரண்டு நாள் முன்பே, மூளையில் அது ஆரம்பித்துவிடுகிறது. அடுக்கடுக்காகக் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பின் மேல் திடீர் ஆசை, அடிக்கடி சிறுநீர், வெளிச்சம் உறுத்துவது, அப்புறம் இந்தச் சொக்கல். இதை முன்னறிகுறிக் கட்டம் என்பார்கள். இந்தக் கட்டத்தில் வேலை செய்யும் முக்கியமான இடம் ஹைப்போதலாமஸ். தூக்கம், விழிப்பு, பசி, தாகம், உடம்பு வெப்பம், நாளின் கடிகாரம் எல்லாம் மூளையடியில் உள்ள அந்தச் சின்னப் பகுதியின் பொறுப்பு. முன்னறிகுறிகளின் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். அவற்றில் பல அதே இடத்து வேலைகள்தான். 2016-இல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் ஒற்றைத் தலைவலி உள்ள ஒருவரை 30 நாள் தொடர்ந்து தினமும் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வலி வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் ஹைப்போதலாமஸின் செயல்பாடு மாறியிருந்தது. ஒரே ஆள்தான், ஆனாலும் வலி வரும் முன்பே மூளையைத் தினமும் பார்த்திருக்கிறார்கள் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

மரபணுப் பக்கமும் ஒரு சாட்சி இருக்கிறது. சில குடும்பங்களில் மாலை ஏழு எட்டுக்கே தூக்கம் வந்து, விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். அப்படிப்பட்ட குடும்பங்களில் சிலவற்றில், உடலின் கடிகாரத்தை ஓட்டும் ஒரு நொதிக்கான மரபணுவில் பிழை இருப்பதையும், அதே பிழையோடு ஒற்றைத் தலைவலியும் சேர்ந்து வருவதையும் 2013-இல் கண்டுபிடித்தார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தப் பிழை இருக்காது. ஆனால் தூக்கமும் இந்தத் தலைவலியும் ஒன்றையொன்று பாதிப்பது மட்டுமில்லை, இரண்டுக்கும் வேர் ஓரிடத்தில் கலந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

நடைமுறையில் இதனால் என்ன வித்தியாசம்? ஒருவருடைய நாட்குறிப்பு இப்படி இருக்கிறது என்று வையுங்கள். செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு அடுக்குக் கொட்டாவி, கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை, ஒரு காபி. ஐந்து மணிக்கு மறுபடி காபி. இரவு பதினொன்றரை வரை புரண்டு புரண்டு படுத்தார். புதன் காலை ஆறு மணிக்கு வலது நெற்றிப்பொட்டில் விண்விண் என்று வலி, குமட்டல். அவரைக் கேட்டால் "நேற்று சரியாகத் தூங்கவில்லை, அதனால் தலைவலி" என்பார். தேதியும் நேரமுமாகப் பார்த்தால் ஒற்றைத் தலைவலித் தாக்குதல் செவ்வாய் மதியம் மூன்று மணிக்கே தொடங்கிவிட்டது. கெட்ட தூக்கம் நடுவில் வந்து சேர்ந்தது. அதில் பாதி, மாலைக் காபியின் புண்ணியம். இவர் கவனிக்க வேண்டியது செவ்வாய் மதியத்தை. கொட்டாவி வரிசை கட்டும்போதே தண்ணீர் குடித்து, சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல், அன்றைக்கு ஒத்திவைக்க முடிந்த வேலையை ஒத்திவைத்து, மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் கையெட்டும் இடத்தில் வைத்திருந்தால் புதன்கிழமை இவ்வளவு மோசமாகப் போயிருக்காது.

இதற்காகக் கெட்ட தூக்கம் தலைவலியைத் தூண்டாது என்று சொல்ல வரவில்லை. தலைவலிக்காரர்களைக் கேட்டால் ஏறக்குறைய பாதிப்பேர் தூக்கக் கோளாற்றைத் தங்கள் தூண்டுதல்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஆனால் கேட்டு வாங்கும் பதில் வேறு, அளந்து பார்ப்பது வேறு. அமெரிக்காவில் அவ்வப்போது மட்டும் தலைவலி வரும் 98 பேருக்கு ஆறு வாரம் கையில் அசைவுமானி கட்டி, காலையும் மாலையும் குறிப்பு எழுத வைத்தார்கள். 2020-இல் வெளிவந்த முடிவு பலருக்கு ஆச்சரியம். குறைவாகத் தூங்கிய இரவுக்கும் மறுநாள் தலைவலிக்கும் தொடர்பு காணவில்லை. படுக்கையில் கிடந்த நேரத்தில் உண்மையில் தூங்கிய பங்கு குறைந்திருந்தால், அதாவது விழித்து விழித்துத் தூங்கியிருந்தால், மறுநாளைக்கு மறுநாள் தலைவலி வரும் வாய்ப்பு கூடியது. ஆக, எத்தனை மணி நேரம் என்பதைவிட எவ்வளவு துண்டுதுண்டாக என்பது முக்கியமாக இருக்கலாம். நீங்கள் "ஏழு மணி நேரம் படுக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். படுக்கிறீர்கள், சரி. அதில் தூங்குவது எவ்வளவு?

தலைவலிக்குப் பின் வரும் சொக்கல் எளிது. வலி விட்ட பிறகு ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள், அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். யோசனை ஓடாது, லேசாகத் தலை அசைத்தால் வலித்த இடம் நினைவூட்டும். இதுவும் நோயின் ஒரு கட்டம். சோம்பல் இல்லை, பயப்படவும் வேண்டாம். கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு நாள், வலி ஒரு நாள், பின்னால் ஒரு நாள் என்றால் மாதம் ஆறு தாக்குதலுக்குப் பதினெட்டு நாள் போய்விடும். "எப்போது பார்த்தாலும் தூக்கமாக இருக்கிறது" என்பவர்களில் ஒரு கூட்டத்துக்கு இந்தக் கணக்கே விடை. அவர்களுக்குத் தூக்கத்தைத் திருத்தும் வேலை இரண்டாம் பட்சம். தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் தடுப்பு மருந்து பற்றித்தான் மருத்துவரிடம் முதலில் பேச வேண்டும்.

தலைவலியே இல்லாத நாட்களிலும் சொக்குகிறது என்றால்தான் துப்பறிய வேண்டியிருக்கும். அங்கே முதல் வேலை, உங்களுக்கு இருப்பது தூக்கமா சோர்வா என்று பார்ப்பது. சோர்ந்தவர் படுத்தாலும் தூங்கமாட்டார், உடம்புதான் எழாது. தூக்கக் கடன் உள்ளவர் உட்கார்ந்த இடத்தில் கண் அயர்ந்துவிடுவார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் எப்வொர்த் மருத்துவமனையில் முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-இல் வெளியிட்ட, எப்வொர்த் அளவுகோல் எனப்படும் எட்டுக் கேள்விகள் இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணியாகப் போகும்போது, மதியம் படுத்திருக்கும்போது, யாருடனோ உட்கார்ந்து பேசும்போது, சாப்பிட்டுவிட்டு அமைதியாக உட்காரும்போது, போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது. ஒவ்வொன்றிலும் கண் அயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் அது சாதாரணத் தூக்கமில்லை, காரணம் தேட வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதும் வண்டி நிற்கும்போதும் மதிப்பெண் விழுகிறவர்கள், காரணம் தெரியும்வரை வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது.

காரணம் தேடும்போது முதலில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்பேன். விசித்திரமாக, இதைத்தான் எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள். தலைவலி வராமல் தடுக்கத் தரும் மருந்துகளில் பல தூக்கத்தோடு விளையாடுபவை. அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின் இரண்டும் தூக்கம் வரவழைக்கும். அதனால்தான் இரவில் தருகிறார்கள், ஆனால் மறுநாள் காலைவரை மந்தம் நீளலாம். அமிட்ரிப்டிலினைப் படுக்கும்போது போடாமல் ஓரிரண்டு மணி நேரம் முன்னதாகவே போட்டால் காலை மந்தம் குறைவதுண்டு. மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். டோபிரமேட் சிலருக்கு அசதியும் வார்த்தை கிடைக்காத மறதியும் தரும். ப்ரோப்ரனலால் பகலில் சோர்வையும் இரவில் கெட்ட கனவுகளையும் கொண்டுவரலாம். கனவுக்குப் பயந்து அதை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கு ஆபத்து. குமட்டலுக்கும் அலர்ஜிக்கும் போடும் சில மாத்திரைகளும் சொக்க வைக்கும். பகல் தூக்கம் தொடங்கிய மாதமும் புது மருந்து தொடங்கிய மாதமும் ஒன்றாக இருந்தால் வேறு சோதனைக்கு ஓடுமுன் அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்ப்பதுதான் முறை.

வலி மாத்திரைகள் தனிக்கதை. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள ட்ரிப்டான் வகையையும் பல மருந்து சேர்ந்த கலப்பு மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே தலைவலி தரத் தொடங்கும். இந்த வகைத் தலைவலி பெரும்பாலும் காலை விழிக்கும்போதே இருக்கும். இரவெல்லாம் மருந்து இல்லாத உடம்பு அதைக் கேட்கிறது. தூக்கமும் அதோடு கெடும். கலப்பு மாத்திரைகள் பலவற்றில் காஃபின் வேறு இருக்கிறது. மாலை தலைவலிக்கு இரண்டு மாத்திரை போட்டவர் இரவில் ஏன் தூக்கம் வரவில்லை என்று யோசிப்பார், அட்டையின் பின்பக்கம் பார்த்திருக்கமாட்டார். உடம்பில் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு. இதற்கு நேர் எதிரான சிக்கல், தினமும் நிறையக் காபி குடித்துவிட்டு ஒரு நாள் நிறுத்துவது. 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரும். விடுமுறை நாளில் பத்து மணி வரை தூங்கி எழுந்து "நன்றாகத் தூங்கியும் தலை வலிக்கிறதே" என்பவர்களுக்கு அதிகத் தூக்கம் ஒரு காரணம் என்றால், வழக்கமான ஏழு மணிக் காபி தவறிப்போனது இன்னொன்று.

அடுத்தது குறட்டை. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வந்தால், மூளை இரவு முழுக்க அரைகுறையாக விழித்துக்கொண்டே இருக்கும். ஆளுக்கு அது நினைவிருக்காது. "ஏழெட்டு மணி நேரம் தூங்குகிறேன்" என்றே சொல்வார், பகலில் விழுந்து விழுந்து தூங்குவார். ஸ்லீப் அப்னியா எனப்படும் இந்த மூச்சடைப்பு தரும் தலைவலி காலையில் விழிக்கும்போது இருக்கும், இருபக்கமும் அழுத்துகிற மாதிரி இருக்கும், குமட்டல் இருக்காது, நாலு மணி நேரத்துக்குள் தானாகப் போய்விடும். ஒற்றைத் தலைவலி அப்படியில்லை. கவனிக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் இருக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் துடிக்கும், நடந்தாலே கூடும். சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். அப்போது அப்னியா ஒற்றைத் தலைவலியையும் அடிக்கடி வரவைக்கலாம். குண்டானவர்களுக்கு மட்டும்தான் என்பதோ ஆண்களுக்கு மட்டும்தான் என்பதோ சரியில்லை. பெண்களுக்குப் பெரிய குறட்டை இல்லாமல், சரியாகத் தூங்காத உணர்வும் அசதியுமாகவே வெளிப்படுவதுண்டு, அதனால் பல காலம் தவறவிடப்படுகிறது. அருகில் படுப்பவரைக் கேளுங்கள். எப்வொர்த் மதிப்பெண் பத்தைத் தாண்டி, குறட்டையோ மூச்சடைப்போ இருந்தால் தூக்கச் சோதனை செய்வது வீண்செலவு இல்லை.

கால் பற்றியும் ஒரு வார்த்தை. மாலையிலும் படுத்த பிறகும் கால்களுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி, அசைத்தால்தான் நிம்மதி என்றிருந்தால் அது ஓயாக் கால் தொந்தரவு. ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் இது மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. யாரும் தானாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். ரத்தத்தில், உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் 75-க்குக் கீழ் இருந்தால் இந்தத் தொந்தரவுக்கு இரும்புச்சத்து தருவது பற்றி யோசிப்பார்கள். தலைவலிக்காகத் தரும் அமிட்ரிப்டிலினும், குமட்டலுக்கான மெட்டோகுளோப்ரமைடும் இந்தக் கால் தொந்தரவைக் கூட்டக்கூடியவை என்பதால் மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் விடாதீர்கள். மனச்சோர்வும் பதற்றமும் ஒற்றைத் தலைவலியோடும் தூக்கக் கோளாற்றோடும் சேர்ந்தே நடமாடும். அதிகாலை மூன்று நாலுக்கு விழிப்பு வந்து திரும்பத் தூக்கம் வராமல், எதிலும் நாட்டமும் இல்லாமல் இருந்தால் அதற்குத் தனியாக உதவி தேட வேண்டும்.

இவை எதுவுமில்லை, இரவுத் தூக்கமே கெட்டிருக்கிறது என்றால் மருந்தில்லாத வழிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2007-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், மாதத்தில் பாதி நாளுக்கு மேல் தலைவலி இருந்த 43 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஐந்து விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். எட்டு மணி நேரம் கிடைக்கிற மாதிரி தினமும் ஒரே நேரத்தில் படுப்பது. படுக்கையில் டிவி, புத்தகம், பாட்டு கூடாது. தூக்கம் வர மனக்காட்சிப் பயிற்சி. இரவுச் சாப்பாட்டைப் படுக்க நாலு மணி நேரம் முன்பே முடித்து, கடைசி இரண்டு மணி நேரத்தில் தண்ணீரைக் குறைப்பது. பகல் தூக்கத்தை விடுவது. மற்றவர்களுக்கு இதே தொனியில் பயனில்லாத அறிவுரைகள் தரப்பட்டன. ஆய்வு முடியும்போது சரியான அறிவுரை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நாள்பட்ட தலைவலியிலிருந்து அவ்வப்போது வரும் தலைவலிக்கு இறங்கியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் செலவில்லாதது, பக்கவிளைவு இல்லாதது, இரண்டு மாதம் முயன்று பார்க்க ஒரு தடையும் இல்லை. ஐந்தில் ஒன்றை மட்டும் எடுப்பதென்றால் நேரத்தை எடுங்கள், அதிலும் எழும் நேரத்தை. படுக்கும் நேரத்தில் தூக்கத்தை நாம் கூப்பிட முடியாது, எழுவது நம் கையில் இருக்கிறது. விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.

தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையில் படுக்கை நேரத்தையே சுருக்கும் முறை ஒன்று உண்டு. நன்றாக வேலை செய்யும், ஆனால் முதல் ஓரிரு வாரம் தூக்கக் குறைவால் தலைவலிக்காரர்களுக்குத் தாக்குதல் கூடலாம். தானாகச் செய்யாமல், தெரிந்தவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குவதே பாதுகாப்பு.

மதியத் தூக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாக்குதல் வந்துவிட்ட நாளில் தாராளமாகத் தூங்குங்கள். மாத்திரையைச் சீக்கிரமே போட்டுவிட்டு இருட்டறையில் தூங்கினால் பலருக்கு வலி அதோடு முடிந்துவிடும், குழந்தைகளுக்கு இது இன்னும் நன்றாகவே கேட்கும். மற்ற நாட்களில் இரவுத் தூக்கம் கெட்டிருப்பவர்கள் பகலில் தூங்காமல் இருப்பதே நல்லது. முடியவில்லை என்றால் மூன்று மணிக்கு முன், அரை மணிக்கு மேல் போகாமல், அலாரம் வைத்துக்கொண்டு. இரண்டு மணி நேரம் தூங்கி எழுபவருக்கு அன்று மாலையே தலை கனப்பதும் இரவில் தூக்கம் தள்ளிப்போவதும் சகஜம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு இரவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தலைவலி எழுப்பிவிடுகிறது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்குகிறது, இருமினாலோ படுத்தாலோ கூடுகிறது, திடீரென்று வாழ்நாளில் இல்லாத அளவு வலிக்கிறது, காய்ச்சலோ கைகால் பலவீனமோ குழப்பமோ கூட வருகிறது என்றால், இந்தப் பதிலில் உள்ள எதையும் முயன்றுகொண்டிராமல் மருத்துவரிடம் போங்கள். கடைசி இரண்டும் உடனே போக வேண்டியவை.

தூக்க மாத்திரைக்கு வருகிறேன். தூக்கம் வந்தால் தலைவலி போய்விடும் என்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் சோதனையில் அப்படி அமையவில்லை. விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஒரெக்சின் என்ற ஹைப்போதலாமஸ் ரசாயனத்தைத் தடுக்கும் ஃபிலோரெக்சன்ட் என்ற மருந்தைத் தினமும் இரவில் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கக் கலக்கம் வந்தது, தலைவலி, ஒப்பிடத் தந்த மருந்தில்லாத போலி மாத்திரையைவிடக் குறையவில்லை. மெலடோனினுக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. பிரேசிலில் 2016-இல் வெளிவந்த ஆய்வில் இரவில் 3 மில்லிகிராம் மெலடோனின், 25 மில்லிகிராம் அமிட்ரிப்டிலினுக்கு ஈடாகத் தலைவலி நாட்களைக் குறைத்தது, பக்கவிளைவும் குறைவு. அதற்கு முந்தைய ஒரு நார்வே ஆய்வில், 2 மில்லிகிராம் மெதுவாகக் கரையும் வகைக்குப் பலன் இல்லை. அதனால் மருத்துவரிடம் கேட்டு இரண்டு மூன்று மாதம் முயலலாம், நிச்சயம் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடையில் தூக்கத்துக்கென்று விற்கும் அலர்ஜி மாத்திரைகள் மறுநாள் பகல்வரை நீளும், உங்கள் இப்போதைய புகாரே அதுதான். டயஸிபாம், அல்ப்ரஸோலம் வகைகள் பழக்கமாகிவிடும், தொண்டைத் தசையையும் தளர்த்தும். குறட்டை இருக்கிறது என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், தூக்கச் சோதனை முடியும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.